பாலக்காடு தொழில் நகரில் மீக்கடத்தி நாடாவுக்கு இடம் ஒதுக்குங்கள்

பாலக்காடு தொழில் நகரைத் திட்டமிடும் கேரளத் தொழில்துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இந்நகருக்கு ஒப்புதல் அளித்ததிலிருந்து வாளையார் முதல் கொழிஞ்சாம்பாறை வரை தமிழ்க் குடும்பங்களில் இதே பேச்சுதான்: என்ன ஆலை வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா? பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியப் பூச்சு ஏற்றும் வெற்றிட இயந்திரத்தில் வேலை செய்பவன் நான். உயர்வெப்பநிலை மீக்கடத்தி நாடா தயாரிக்கும் முன்னோட்ட ஆலை ஒன்று இங்கே வர வேண்டும் என்று கேட்கிறேன். மீக்கடத்தி என்றால் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்; மற்ற மீக்கடத்திகளைவிடக் குறைந்த குளிரே போதும் என்பதால் இவ்வகைக்கு ‘உயர்வெப்பநிலை’ என்று பெயர்.

1987இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு என்ற மீக்கடத்தி, சுமார் 92 கெல்வினுக்கு (மைனஸ் 181 டிகிரி செல்சியஸ்) கீழே மின்தடையை அறவே இழக்கிறது. குளிர்விக்க, 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே போதும். ஆனால் அது பீங்கான் வகை. கம்பியாக இழுத்தால் நொறுங்கும். அதனால்தான் மென்படலமாகப் பூசுகிறார்கள். சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள நிக்கல் கலப்புலோகத் தகட்டை மெருகேற்றி, அயனிக்கற்றையின் துணையோடு மக்னீசியம் ஆக்சைடைச் சில நானோமீட்டர் அளவுக்குப் படியவைக்கிறார்கள். படிகங்கள் ஒரே திசையில் அமைய வேண்டும். சில பாகைகள் பிசகினாலே நாடா தாங்கும் மின்னோட்டம் சரிந்துவிடும். அதன்மேல் ஒன்றிரண்டு மைக்ரான் மீக்கடத்தி, பிறகு வெள்ளி, தாமிரம். 4 மில்லிமீட்டர் அகல நாடா நூறு ஆம்பியருக்கு மேல் சுமக்கும். இதைவிட நுட்பமான பூச்சு வேலையை நான் அறிந்ததில்லை.

கொல்லம் மாவட்டத்துச் சவறா கடற்கரை மணலில் கனிமம் இருக்கிறதே என்று நிறைவடைந்துவிட வேண்டாம். அங்குள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியமும் லாந்தனமும்தான் மிகுதி, நாம் வேண்டும் இட்ரியம் சொற்பம். நாடாவுக்கும் அது சிறிதளவே தேவை. உண்மையான சிக்கல் நீளத்தில் இருக்கிறது. விரல் நீளத் துண்டில் கிடைக்கும் தரம் நூறு மீட்டரிலும் கிடைக்க வேண்டும். எங்கள் இயந்திரத்தில் மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் அந்த இடத்தில் பூச்சு மெலிந்து வெளிச்சம் ஊடுருவும்; வெட்டியெறிந்துவிட்டு மீதியை விற்றுவிடுவோம். மீக்கடத்தி நாடாவில் ஓரிடம் பழுதானால் அதன் வழியே செல்லும் மின்னோட்டம் முழுவதும் அங்கேயே தடைப்படும். எனவே தடையற்ற மின்சாரம், தூசியற்ற கூடம், ரயில் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் தள்ளிய அதிர்வில்லாத நிலம் ஆகியவற்றை இப்போதே திட்டத்தில் எழுதுங்கள்.

கஞ்சிக்கோட்டில் ஐ.ஐ.டி. இருக்கிறது. திருவனந்தபுரம் பாப்பனம்கோட்டிலுள்ள தேசிய ஆய்வகத்துக்கு மீக்கடத்தி ஆய்வில் அனுபவம் உண்டு. வெற்றிட பம்புகளைப் பராமரிப்பதும் ஹீலியம் செலுத்திக் கசிவு தேடுவதும் டிப்ளமா படித்தவர்களால் கற்கக்கூடியவை. சித்தூர் தாலுகாவின் தமிழ்வழி மாணவர்களுக்குப் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழிலும் தாருங்கள்.

நில ஒதுக்கீட்டை இறுதி செய்யும் முன் அவ்விரு நிறுவனங்களையும் அழைத்துப் பேசுங்கள். பூச்சுத் தொழிலாளர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு பூச்சுத் தொழிலாளி