கனடா வின்னிபெக்கிலிருந்து மட்டக்களப்புக் கல்லடிக்கு

வின்னிபெக்
தை மாதக் கடைசி

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

நான் இங்க நல்ல சுகம். அங்க நீங்க எல்லாரும் சுகமா இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுறன். பெரிய மாமிட மகன் கொண்டுவந்த பார்சலும் அம்மாட கடிதமும் மார்கழியிலேயே கைக்கு வந்திட்டு. பதில் எழுதத்தான் தை முடியப் பார்க்குது. போனில கதைக்கிறம்தானே, கடிதம் என்னத்துக்கு என்று தம்பி கேப்பான். போனில "சாப்பிட்டியா மனே, குளிரா மனே" என்று அம்மா கேட்டு முடியிறதுக்குள்ள அவன் பிடுங்கிருவான், மறுகா லைனும் போயிடும். பெத்தாவுக்குக் காதும் கேக்காது. அதால இதை ஆறுதலா அவவுக்குப் பக்கத்தில இருந்து வாசிங்க. தங்கச்சி வாசிக்கட்டும். தம்பி வாசிச்சா பாதியை விட்டிருவான்.

மாசித்தூளும் மிளகாய்த்தூளும் நல்லா வந்து சேந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தல் மட்டும் அடியோட வெள்ளையா இறுகிப்போய்க் கிடக்கு. கரண்டிக் காம்பால சுரண்டித்தான் தலைக்கு வைக்கிறன். எண்ணெய் பழுதில்ல அம்மா. 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காயெண்ணெய் உறைஞ்சிரும். நம்மட ஊரில மார்கழி விடியக்காலையில லேசா மங்கும், வெயில் ஏறத் தெளிஞ்சிரும். இங்க என்ட அறையில அது தெளியிற நாளே இல்ல. அறை நல்ல அறை. வீட்டுக்குக் கீழ, நிலமட்டத்துக்கும் கீழ இருக்கு, காத்துப் படாது. ஹீட்டரைக் கூட்டி வைக்கத் தேவையில்ல, எனக்குப் பழகிட்டு.

வாடை அடிக்குது, அப்பா மப்ளர் கட்டிக்கொண்டுதான் வயல் வட்டைக்குப் போறார் என்று எழுதியிருக்கிறீங்க. வாசிச்சுச் சிரிச்சிட்டன். இண்டைக்கு இங்க மைனஸ் 34. காத்தோட சேத்தா இன்னும் கூட. அந்தக் காத்துச் சேத்த கணக்கு மைனஸ் 28ஐத் தாண்டினா மூடாத தோல் பத்திலயிருந்து முப்பது நிமிசத்துக்குள்ள உறையும் என்று ரேடியோவில சொல்லுவாங்க. மைனஸ் 40 என்றா அஞ்சு பத்து நிமிசம் போதும். முதல்ல மூக்குக்குள்ள இருக்கிற மயிர் ஒட்டும். மறுகா கண்ணிமை. காது நோகிறமட்டும் பயமில்ல, நோவு நிண்டா, தோல் வெள்ளையாப் போனாத்தான் பயப்படோணும். அப்படிப் போனா தேய்க்கக் கூடாது, நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகவும் கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள வைக்கோணும். பெத்தா உடனே நல்லெண்ணெய் பூசித் தேய்க்கச் சொல்லுவா. வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

நீங்க நினைக்கிறமாதிரி இங்க எந்த நேரமும் மூடமும் மழையும் இல்ல. கடும் குளிர் வாற நாளிலதான் வானம் நீலமா, ஒரு முகில் இல்லாம இருக்கும். முகில் போர்வை இல்லாட்டி நிலத்துச் சூடெல்லாம் ராவோட ராவா மேல போயிடும், அதுதான் காரணம். வெயில் பளீரென்று கண்ணைக் குத்தும். முகத்தில பட்டா ஒண்டும் தெரியாது. எத்தனை வருசமானாலும் எனக்கு இதுதான் மனசுக்கு ஒத்துவராத விசயம். வெயில் என்றா சுடத்தானே வேணும்!

உடுப்பைப் பத்திக் கேட்டிருந்தீங்க. ஒரு தடிச்ச உடுப்புப் போட்டா காணாது, மெல்லிசா மூண்டு நாலு போடோணும். இடையில நிக்கிற காத்துத்தான் சூட்டைப் பிடிச்சு வைக்கிறது. உடம்போட ஒட்டினது பருத்தியா இருக்கக் கூடாது, வேர்வையைக் குடிச்சு ஈரமா நிண்டு ஆளை விறைக்க வச்சிரும். விரல் விரலாப் பிரிச்ச கையுறையை விட நாலு விரலும் ஒண்டா இருக்கிறதுதான் சூடு. ஜக்கெட் நல்ல தரமானது, முன்னம் ஒருத்தர் கொஞ்சக் காலம் மட்டும் போட்டதாம், புதுசு மாதிரித்தான் இருக்கு. காரையும் ராவில கரண்டில செருகி வைக்கிறாங்க தெரியுமா? எஞ்சின் இறுகாம இருக்க ஒரு ஹீட்டர், அதின்ட பிளக் முன்னால தொங்கும். என்னட்டக் கார் இல்ல, பஸ் வசதி இருக்கு.

பக்கத்து வீட்டுக் கிழவரைப் பத்தி முந்தியும் சொன்னனான். உக்ரைன் வம்சம், தாத்தா காலத்தில வந்த ஆக்கள். தனியத்தான் இருக்கிறார். உடுப்புக் காயவைக்கிற மெசின் வீட்டில கிடக்க, மைனஸ் 20இல சேட்டையும் காற்சட்டையையும் கொடியில போடுறார்! ஒரு மணித்தியாலத்தில எல்லாம் விறைச்சு, சுறாக் கருவாடு மாதிரித் தொங்குது. பைத்தியமாக்கும் என்றுதான் நினைச்சன். அடுத்த நாள் பின்னேரம் பார்த்தா உடுப்பு மெதுமெதுவென்று காய்ஞ்சிருக்கு. ஐஸ் தண்ணியாகாமலே காத்தோட போயிடுமாம், இங்கத்தக் காத்து அவ்வளவு வறட்சி. அதாலதான் என்ட உதடும் குதிக்காலும் வெடிக்குது. கதவுப் பிடியைத் தொட்டாலும் சுள்ளென்று கரண்ட் அடிக்கும். கிழவர் ஒரு பெரிய சட்டி பீற்றூட் சூப்பைப் பின் விறாந்தையில வச்சு மாசக்கணக்கில வெட்டி வெட்டித் தின்னுறார், பிரிட்ஜ் செலவு மிச்சமாம். அவர் இன்னும் பரனைட்டிலதான் கதைப்பார், நான் செல்சியஸ். ரெண்டு பேரும் வேலிக்கு அங்கால இங்கால நிண்டு வாதாடுவம். மைனஸ் 40 ரெண்டு கணக்கிலயும் ஒண்டுதான். அண்டைக்கு மட்டும் சண்டை இல்ல.

கோடையில இதே ஊர் 35க்கு ஏறும். கடல் கிட்ட இல்லாத ஊருக்கு ரெண்டு பக்கமும் அந்தம்தான். சூட்டை வெளிய விடாமக் கட்டின வீடு ஆடியில வேக வைக்கும், நுளம்பு வேற. கிழவருக்குக் குளிரில வராத பயம் அப்பத்தான் வரும். 2021 ஜூனில இந்த நாட்டின்ட மேற்குக்கரைப் பக்கம், பிரிட்டிஷ் கொலம்பியாவில, லிட்டன் என்ற சின்ன ஊரில 49.6 டிகிரி போனது. அடுத்த நாள் அந்த ஊரே நெருப்பில போயிட்டு. அந்த வெக்கையில மாகாணம் முழுக்க 619 பேர் செத்தாங்க. ரோட்டில விழுந்து சாகல்ல அம்மா. கிட்டத்தட்ட எல்லாரும் வீட்டுக்குள்ள, கூடுதலானவங்க எழுபது வயசைத் தாண்டினவங்க.

இதை ஏன் எழுதுறன் என்றா, தங்கச்சிட வீட்டுக் கூரைக்குத் தகர சீற் போடலாம் என்று மேசன் சொல்றதா அம்மா எழுதியிருக்கிறீங்க. வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நாம இருந்த தகரக் கொட்டிலை மறந்திட்டீங்களா? பத்து மணிக்கே உள்ள இருக்க ஏலாது. அப்பா கிடுகு வாங்கி வந்து தகரத்துக்கு மேல பரப்பினார். நீங்க உங்கட சீலையை நனைச்சு வாசலில தொங்கவிட்டீங்க, அது நீங்க அடுப்படிக்குப் போயிட்டு வாறதுக்குள்ள காய்ஞ்சு போகும். தங்கச்சி கைப்பிள்ளை, உடம்பு முழுக்க வேர்க்குரு. ஆனி ஆடியில வாவிக்கு மேற்கால, படுவான்கரையில இருந்து அந்தச் சூடான கச்சான் காத்து அடிக்கேக்க அந்தத் தகரத்துக்குக் கீழ நீங்க விசிறிக்கொண்டு இருந்தது எனக்கு இங்க, இந்தக் குளிரில, படுத்தா வருது.

எனக்கு அந்தக் கச்சான் ஒருக்கா முகத்தில அடிச்சாப் போதும் அம்மா. கல்லடிப் பாலத்தில பின்னேரம் நிண்டு, வாவி உப்பு மணக்க, வேர்வையோட வீட்டுக்கு வந்து கிணத்தில நாலு வாளி அள்ளி ஊத்தோணும். தைப்பொங்கலுக்கு இங்க ரைஸ்குக்கரிலதான் பொங்கினன். இங்க எட்டரைக்குக் கிட்டத்தான் சூரியன் வரும், படைக்கக் கதவைத் திறந்தா புகை மாதிரிக் குளிர் உள்ள வந்திட்டு. எல்லாரையும் நினைச்சுக்கொண்டு தின்னன். மிச்சத்தைக் கிழவருக்குக் குடுத்தன், சக்கரை கூட என்றார். சரி, அதை விடுங்க.

கூரைக் கதைக்கு வாறன். ஓடுதான் போடோணும். 78 சூறாவளியில பறந்த தகரம் வெட்டின கதையை பெத்தா எத்தனை தரம் சொல்லியிருப்பா! ஓடும் பறந்ததுதான் என்று அப்பா சொல்லுவார். பறந்தாலும், பறக்காத வருசமெல்லாம் ஓட்டுக்குக் கீழதானே நித்திரை கொள்ளலாம். சாத்தியப்பட்டா உள்ளுக்கு சீலிங்கும் அடிப்பம். மேற்குப் பக்கச் சுவரில ஜன்னல் பெருசா வேண்டாம், கச்சான் நேரா உள்ள வரும். கடற்கரைப் பக்கம் பெருசா வைக்கச் சொல்லுங்க. அந்தப் பக்க வேம்பைத் தறிக்க வேண்டாம், தறிக்கோணும் என்று சின்ன மாமா நிப்பார், விடாதீங்க.

காசு சித்திரைக்கு முன்னம் வரும். வேலையில இப்ப மணித்தியாலம் கொஞ்சம் குறைச்சிருக்கிறாங்க, பனி காலத்தில அப்படித்தான், எனக்கும் ஆறுதல் கிடைக்குது. அதால ஒரே தரமா அனுப்பாம ரெண்டு தரமா அனுப்புறன். முதல்ல கைமரமும் சிலாகையும் எடுங்க, ஓடு பிறகு. கடன் மட்டும் வாங்காதீங்க. வட்டிக்குக் குடுக்கிற அந்தக் கடைக்காரர் தானா வந்து கேட்டாலும் வேண்டாம். வளவை ரெண்டாப் பிரிச்சு தங்கச்சிட பேரில எழுதுறதைக் கல்யாணப் பேச்சுக்கு முதல் முடிச்சிருங்க, மாப்பிள்ளை வீட்டார் கேட்டபிறகு ஓடித்திரியிறது சரியில்ல. பெரிய மச்சாள் கொண்டுவந்த சாதகம் என்ன ஆச்சு? அம்மா அதைப் பத்தி ஒரு சொல்லும் எழுதல்ல.

அப்பாவுக்கு: அறுவடைக்கு விடிய முன்னம் போய், பத்து மணிக்கு முன்னம் மரத்துக்குக் கீழ வந்திருங்க. மெசின்காரனோட நீங்க நடுவெயிலில நிண்டு பார்க்கிறதால நெல்லு ஒரு அவணமும் கூடாது. பிரஷருக்குக் குடுத்த குளிசையில தண்ணிக் குளிசையும் இருக்கென்று தங்கச்சி சொன்னாள். அது உடம்பில இருக்கிற தண்ணியை வெளியேத்தும். வெக்கை காலத்துக்கு முன்னம் அடுத்த கிளினிக்கில டொக்டரிட்டக் கேளுங்க, அளவை மாத்தோணுமா என்று. நீங்களா நிப்பாட்டக் கூடாது. மோரும் இளநீரும் குடிங்க, தேத்தண்ணியைக் குறைங்க. பெத்தாவைப் பின் அறையில பகலில படுக்க விடாதீங்க, பங்குனியில இருந்தே முன் விறாந்தையில பாயைப் போடுங்க.

தம்பி சோதனைக்குப் படிக்கிறானா, பந்தடிக்கப் போறானா? கூரையின்ட நீள அகலத்தை அவனை அளந்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, மேசன் சொன்ன அளவை அல்ல, அவன் நாடா பிடிச்சு அளந்ததை. எத்தனை ஓடு வேணும் என்று நானும் ஒருக்காக் கணக்குப் பார்க்கிறன்.

இப்படிக்கு,
அன்பு மகன்

பி.கு.: மாமிட மகன் பங்குனியில திரும்ப வாறானாம். கருவாடு ஒண்டும் குடுத்துவிடாதீங்க, போன தரம் அவன்ட பெட்டி முழுக்க மணந்து ஏசினவன். மாசித்தூள் மட்டும் காணும். அதோட அப்பாட கிளினிக் கொப்பியைப் படமெடுத்து அனுப்புங்க.