'அட்', 'ஆன்', 'இன்' மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலப் பாடத்தில் மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்' என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் 'இன் த மார்னிங்' என்பது 'ஆன் மண்டே மார்னிங்' என்று ஏன் மாறுகிறது, இரவுக்கு மட்டும் ஏன் 'அட் நைட்' என்று என் மகள் பிடித்துக்கொண்டாள். கிழமை வந்தால் அது 'ஆன்'-ஐயும் கூடவே இழுத்துக்கொண்டு வரும் என்று முதல் கேள்வியைச் சமாளித்தேன். 'அட் நைட்'டுக்கு மனப்பாடம்தான் வழி. 'நெக்ஸ்ட் மண்டே'க்கு முன்னால் இவை எதுவுமே வராது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நம் காலை வாருவது இந்த மூன்றும் அல்ல. 'வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன்' என்பதை 'வித்தின் ஃப்ரைடே' என்று அலுவலக மெயில்களில் பல வருடம் எழுதியவன் நான். 'க்குள்' என்றாலே கை 'வித்தின்' பக்கம் போய்விடுகிறது. கெடு நாள் என்றால் 'பை ஃப்ரைடே'. மூன்று நாளுக்குள் என்று அளவு சொன்னால்தான் 'வித்தின் த்ரீ டேஸ்'. வெள்ளி வரை விடுப்பு என்றால் 'அன்டில் ஃப்ரைடே'.

இன்னொன்றை அலைந்து பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சான்றிதழ் 'இன் டென் டேஸ்' தயாராகும் என்று ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளுக்குள் என்று எடுத்துக்கொண்டு ஐந்தாம் நாளே போய் நின்றேன். 'இன்றிலிருந்து பத்து நாள் கழித்து' என்றுதான் அதற்கு அர்த்தமாம்!

இங்கெல்லாம் தமிழையே துணைக்கு அழைக்கலாம். 'சின்ஸ் டென் இயர்ஸ்' என்று எழுதுகிற யாரும் தமிழில் 'பத்து வருடத்திலிருந்து இங்கே இருக்கிறேன்' என்று சொல்வதில்லையே? 'பத்து வருடமாக' என்றுதான் சொல்கிறோம். அந்த 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2015-லிருந்து' என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. என் மகளுக்கு இப்படிச் சொன்னதும் பிடிபட்டுவிட்டது. 'க்குள்' மட்டும்தான் 'பை', 'வித்தின்' என்று இரண்டாகப் பிரிந்து படுத்துகிறது.

அடுத்த இதழில் 'பை', 'அன்டில்', 'வித்தின்' மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி வேண்டாம், பக்கத்தில் தமிழ் வாக்கியம் இருந்தால் போதும். அப்புறம், அந்த 'அட் நைட்'டுக்குக் காரணம் ஏதாவது கிடைத்தால் அதையும் போடுங்கள். வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்