சிப்பிப் பாறைப் பக்கம் அந்தப் பாசி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்பாசி வளர்க்க மானியம் கிடைக்கிறதாமே, நம் கடலிலும் போட்டால் என்ன என்று குளச்சல், கடியபட்டணம் பக்கமெல்லாம் பேச்சு ஓடுகிறது. பெண்கள் கையில் நாலு காசு புழங்கும் தொழில், நல்லதுதான். ஆனால் கப்பாபைகஸ் பாசியைச் சிப்பிப் பாறைக்கும் சிப்பி மிதவைக்கும் பக்கத்தில் கொண்டுவந்துவிடாதீர்கள்.

அது பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஒடிந்த துண்டு எங்கே ஒட்டுகிறதோ அங்கேயே தழைத்துவிடும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் வளர்த்தது குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்து, வெளிச்சம் புகாமல் மூடியிருப்பது 2008இல் தெரியவந்தது, அப்புறம் வனத்துறை ஆள்விட்டுக் கையால் பிடுங்க வேண்டியதாயிற்று. ஹவாயில் 1970களில் கொண்டுவந்து விட்டதைப் பின்னால் படகில் உறிஞ்சும் இயந்திரம் வைத்து எடுத்தார்கள்.

மண்டபம் பக்கத்துக் கடல் நம் கடலைவிட அமைதியானது, அங்கேயே இந்தப் பாடு. நம் மேற்குக் கடலில் ஆனி, ஆடியில் எழும்பும் அலைக்கு எந்த மிதவை தாங்கும்? அறுந்த துண்டெல்லாம் நேராகப் பாறையில்தான் வந்து சேரும், அந்தப் பாறையில்தான் நம் பழுப்புச் சிப்பியின் விதை, அதாவது குஞ்சுச் சிப்பி, பிடிக்கிறது, அந்த விதையைச் சுரண்டி எடுத்துத்தான் மிதவைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறோம். கயிற்றில் பாசி ஏறினால் சிப்பிக்குத் தண்ணீர் ஓட்டம் குறையும், பாரம் கூடி அலை இழுக்கும்போது கொத்தாகக் கழன்று விழும். கோடியம் என்ற பாசிக்கு வெளிநாட்டில் 'சிப்பித் திருடன்' என்றே பெயர், ஆளி என்ற சிப்பி வகையின் மேல் வளர்ந்து, உள்ளே காற்று நிரம்பியதும் அதையும் தூக்கிக்கொண்டு மிதந்து போய்விடும். வளர்ப்பு ஆளிகளை இடம் மாற்றியபோதும் அது பரவியிருக்கிறது.

அதனால் வெளியூரிலிருந்து விதையோ பழைய கயிறோ வந்தால் அப்படியே கடலில் இறக்காதீர்கள். கயிற்றை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். விதையை நல்ல தண்ணீரில் முக்கினால் சிப்பி வாயை மூடிக்கொண்டு தாங்கும், பாசிக்கு அது கடினம். பிடுங்கின பாசியைக் கடலிலேயே உதறிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது பரப்பிவிடுகிற வேலை. கரைக்குக் கொண்டுவந்தால் தென்னைக்கு உரமாகும்.

பாசிதான் வேண்டுமென்றால் நம் நாட்டுக் கஞ்சிப்பாசியை முதலில் போட்டுப் பார்க்கட்டும். அனுமதி கொடுப்பதற்கு முன் மீன்வளத்துறை அதிகாரிகள் முட்டத்திலிருந்து இனையம் வரை ஊர் ஊராக வந்து, முங்கிச் சிப்பி எடுப்பவர்களைக் கூட்டி, எந்தெந்தப் பாறையில் விதை பிடிக்கிறது என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆனி பிறப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிப்பித் தொழில் செய்யும் ஒரு வாசகர்,
இனையம், கன்னியாகுமரி மாவட்டம்