கையெழுத்துப் போட ஆளில்லை: நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கொரிய அரசியலை ஆய்வு செய்கிறவர்களுக்கென்று இருக்கும் நம் சங்கம் “மறு அறிவிப்பு வரும்வரை” இயங்காது என்று போன மாதம் நீங்கள் அனுப்பிய நான்கு வரி கிடைத்தது. பொறுப்புகளுக்கு யாரும் முன்வரவில்லை, ஆகவே நிறுத்தி வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். இதே கடிதம் ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியாக வந்திருக்கும். தமிழிலும் எழுதுவது, கொரிய அரசியலில் ஆய்வு செய்யலாமா என்று என்னிடம் வந்து கேட்கும் பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு நான் சொல்லப்போகும் பதில் உங்கள் முடிவையும் பொறுத்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பொதுக்குழுவைக் கூட்டுங்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். சந்தா குறைந்தது, நூல் பரிசு நின்றது, ஆண்டுக்கு நான்காக வந்த செய்திமடல் ஒன்றாகி, அப்புறம் அதுவும் போனது. அதையெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. போன ஆண்டு மாநாட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று உங்களில் ஒருவரும் அங்கே இல்லை.

பெரிய மாநாட்டில் நம் பெயரில் இரண்டு அமர்வுகள் கிடைக்கும். அதற்கு ஒரு இணைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். சின்னத் தொகைதான். நம் வங்கிக் கணக்கில் அதைவிடப் பல மடங்கு பணம் கிடந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை இருந்த பொருளாளர் ஓய்வு பெற்று ஊர் மாறிப் போய்விட்டார். புதியவர் பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் வேண்டும் என்றது வங்கி. பொதுக்குழுவோ இரண்டு ஆண்டாகக் கூடவே இல்லை. கெடு தாண்டியது. மாநாட்டுக்கு 19 நாள் இருக்கும்போது நம் இரண்டு அமர்வுகளும் ரத்து என்று தகவல் வந்தது.

அதில் ஒரு அமர்வில் கட்டுரை வாசிக்க வேண்டியவர் ஒரு முனைவர் பட்ட மாணவி. பெயரும் ஊரும் வேண்டாம். 1995 ஜூன் 27 அன்று தென்கொரியாவில் நடந்த உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி நான்கு வருடமாக உழைக்கிறவர். 1961 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் 1991இல்தான் திரும்ப வந்தன. மேயரையும் மாகாண ஆளுநரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கைக்கு வர 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதை எழுத ஆள் குறைவு. அவர் திருப்பித் தர முடியாத விமான டிக்கெட்டைச் சொந்தக் கடன் அட்டையில் வாங்கியிருந்தார். ரத்தான தகவல் வந்தும் கிளம்பி வந்துவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல். விடுதியின் இரண்டாம் மாடியில் லிஃப்டுக்கும் கழிவறைக்கும் நடுவில் ஒரு வட்ட மேஜை இருந்தது. மடிக்கணினியில் சார்ஜ் குறைவாக இருந்ததால், சுவரில் பிளக் இருக்கும் இடமாகப் பார்த்து அங்கே உட்கார்ந்தோம். கேட்க மூன்று பேர். அவர் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்தே சொல்லலாமே அம்மா என்றேன். நின்று பேசித்தான் பயிற்சி எடுத்தேன் சார் என்றார். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் ஆட்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வெளியே வருவார்கள். அவர் நிறுத்துவார். கூட்டம் கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். எங்களோடு இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் காபி வாங்கிய ரசீதின் பின்பக்கத்தில் பொடிப்பொடியாகக் குறிப்பெழுதி, முடிந்ததும் அதை அவர் கையில் கொடுத்தார். நோட்டுக்குள் அதை மடித்து வைத்துக்கொண்டார். நான்கு வருட உழைப்புக்கு நம் சங்கத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது அந்த ரசீது.

அதோடு முடியவில்லை. கட்டுரை வாசித்ததற்கான சான்று காட்டினால் அவருடைய பல்கலைக்கழகம் பயணச் செலவில் ஒரு பங்கைத் தரும். சான்று யார் தருவது? நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரே இல்லை. சங்கத்தின் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் கேட்டு உங்களுக்கு எழுதினார். அதற்கும் பதில் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

பணம் இல்லாமல் இது நடந்திருந்தால் நான் கோபப்பட மாட்டேன். ஏழைச் சங்கம், அவ்வளவுதான் என்று தேற்றிக்கொள்வேன். பணம் இருந்தது. கூட்டத்தைக் கூட்ட ஒருவர் மனம் வைக்காததால் ஒரு மாணவி நடைபாதையில் நின்று பேச வேண்டி வந்தது.

பொதுக்குழுவுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேராது, சட்டவிதிப்படி 25 பேர் நேரில் வர வேண்டும் என்று ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சரி. நாம் எந்த நாட்டைப் படிக்கிறோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 3ஆம் தேதி இரவு பத்தரை மணி வாக்கில் ஜனாதிபதி யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றமும் கட்சிகளும் செயல்படக் கூடாது என்று ராணுவத் தளபதியின் ஆணை வந்தது. அரசியல் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் ஜனாதிபதி ராணுவச் சட்டத்தை விலக்கியே ஆக வேண்டும். 300 பேரில் 151 பேர் வேண்டும். வாசலைப் போலீஸார் மறித்திருந்தார்கள். சபாநாயகர் வூ வோன் ஷிக், அறுபது வயதைத் தாண்டியவர், மதிலேறிக் குதித்து உள்ளே போனார். உறுப்பினர்கள் பலரும் அப்படித்தான் போனார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு 190 பேர் இருந்தார்கள், 190 பேரும் வாக்களித்தார்கள். கூட வேண்டிய நேரத்தில் கூடுவது என்றால் என்ன என்பதை அந்த இரவு சொல்லிக் கொடுத்தது. அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாம், வீட்டில் உட்கார்ந்து காணொளியில் 25 பேர் கூட முடியாது என்று கதவைச் சாத்துவது எனக்குப் பெரிய வெட்கமாக இருக்கிறது.

ராணுவச் சட்ட அறிவிப்பு வந்தபோது சென்னையில் மாலை ஏழு மணி. பிறகு ஒரு தொலைக்காட்சியிலிருந்து அழைத்து, மூன்று நிமிடத்தில் விளக்கச் சொன்னார்கள். 77ஆம் பிரிவு எனக்கு நினைவிருந்தது. ஆனால் உள்ளே நுழைந்த படை யாருடைய உத்தரவில் வந்தது, 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை ராணுவம் ஒடுக்கியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தவறில்லாமல் சொல்ல வேண்டுமே. நம் பழைய உறுப்பினர் பட்டியலை எடுத்து இரண்டு பேரை எழுப்பினேன். ஒருவர் சியோலில், மக்களோடு நாடாளுமன்ற வாசலில் நின்றுகொண்டே பேசினார். சங்கம் எதற்கு என்று இனி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நம்பி ஒரு கேள்வி கேட்க ஒரு எண் வேண்டும். நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது அந்தப் பட்டியலை.

இந்தச் சமூகம் சும்மா உருவாகிவிடவில்லை. 1972இல் ஜனாதிபதி பார்க் சுங் ஹீ, அதிகாரத்தையெல்லாம் தன் கையில் குவித்துக்கொள்ளும் ‘யுஷின்’ அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1975 மே மாதம் வந்த 9ஆம் அவசர ஆணைப்படி அந்தச் சட்டத்தை விமர்சிப்பதே குற்றம். உள்ளே இருந்த ஆய்வாளர்களால் அச்சில் சொல்ல முடியாததை வெளியில் இருந்தவர்களாவது எழுத வேண்டியிருந்தது. குவாங்ஜுவில் 1980 மே மாதம் நடந்ததைப் பற்றிய ஆவணங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. இன்று ஒரு மாணவர் அங்கே போய் உட்கார்ந்து படிக்க முடிகிறது. ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லித்தர ஆள் வேண்டும். மிகச் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஊரின் பெயர் 2000இல் தென்கொரிய அரசு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய பிறகு ‘ஜி’யில் தொடங்குகிறது. அமெரிக்க நூலகப் பட்டியல்கள் பழைய முறையிலேயே இருப்பதால் அங்கே அது ‘கே’யில் இருக்கும். என் மாணவன் ஒருவன் ‘ஜி’யில் மட்டும் தேடிவிட்டு, ஒன்றுமே இல்லை சார் என்று முகம் வாடி வந்தான். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நம் செய்திமடலில் வந்த அரைப்பக்கக் குறிப்பு.

தமிழ்நாட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று உங்களில் ஒருவர் முன்பு கேட்டிருக்கிறார். 1953இல் கொரியப் போரின் போர்நிறுத்தத்துக்குப் பின், சொந்த ஊர் திரும்ப மறுத்த கைதிகளைக் காவலில் வைத்திருந்தது இந்தியப் படை. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் திம்மையா தலைமை. எந்தப் பக்கமும் போக மாட்டோம் என்ற 88 பேர், கொரியர்களும் சில சீனர்களும், 1954 பிப்ரவரியில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். இதை ஆய்வு செய்ய வேண்டும் என்று என்னிடம் இரண்டு மாணவர்கள் காத்திருக்கிறார்கள். கொரிய மொழியில் இதைப் படித்து வழிகாட்டக்கூடியவர்கள் நம் உறுப்பினர்கள்தான்.

கொஞ்சம் பொதுவாகவும் என் வருத்தத்தைச் சொல்ல அனுமதியுங்கள். இன்று கொரியா என்றால் பிள்ளைகளுக்கு உயிர். மொழி வகுப்புகளுக்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஆர்வத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் மாணவர்களில் பாதிப் பேர் தொடர் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆனால் கொரிய அரசியல் சொல்லித்தந்த ஒருவர் ஓய்வு பெற்றால், அந்த இடம் ‘கிழக்காசியப் பாதுகாப்பு’ என்று மாறிவிடுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். வடக்கில் ஏவுகணை பறந்தால் கருத்தரங்கு உடனே கூடும். தெற்கில் ஒரு தொழிற்சங்கம் எப்படி வளர்ந்தது, ஜேஜு தீவில் 1948இல் அத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்றால் மேஜை காலியாக இருக்கும். நிதி தருகிறவர்கள் நிகழ்ச்சிக்குத் தருவார்கள், படம் எடுக்கலாம். கணக்கு எழுதுவதற்கும் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பதற்கும் யாரும் தர மாட்டார்கள். சங்க வேலை செய்ததற்காக எந்தப் பல்கலைக்கழகமும் பதவி உயர்வு கொடுப்பதில்லை. இதெல்லாம் உங்கள் தவறு இல்லை. இந்தச் சுமையை நீங்கள் பல வருடம் சம்பளம் இல்லாமல் தூக்கினீர்கள், அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். களைத்துப் போயிருந்தால் அடுத்தவர் கையில் கொடுங்கள். யாரிடமும் கொடுக்காமல் கீழே போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

யாரும் முன்வரவில்லை என்கிறீர்கள். யாரைக் கேட்டீர்கள்? என்னைக் கேட்டு ஒரு வரி வரவில்லை. எனக்குத் தெரிந்த பதினோரு உறுப்பினர்களிடம் விசாரித்தேன், ஒருவருக்கும் வரவில்லை.

பெரிய கொரியவியல் அமைப்பு ஒன்றோடு இணைந்துவிடலாம் என்ற பேச்சும் காதுக்கு வருகிறது. நான் அதற்கு உடன்படவில்லை. அங்கே இலக்கியமும் வரலாறும் மொழியியலும் இருக்கும், அரசியலுக்கு ஒரு மூலை கிடைக்கும். என் கருத்து தவறாகவும் இருக்கலாம். அதைப் பொதுக்குழுவில் பேசி முடிவெடுப்போம். நான்கு வரி அறிவிப்பில் முடிக்க வேண்டாம்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறேன். இரண்டு மாதத்துக்குள் காணொளியில் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். நேரில் வர வேண்டும் என்ற விதியை அந்தக் கூட்டத்திலேயே முதலில் திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தத்துக்குச் சம்மதம் என்று உறுப்பினர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வங்கிக் கணக்கில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் பெயர் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கட்டும். கடைசி மூன்று ஆண்டுக் கணக்கை உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைத் தொடங்கலாம் என்று தெரியும். அப்புறம், முன்னாள் செயலாளர் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு அட்டைப் பெட்டிகள், பழைய தீர்மானப் புத்தகமும் செய்திமடல் பிரதிகளும், வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரருக்குப் போவதற்கு முன்னால் யாராவது போய் எடுத்து வையுங்கள். அனுப்பும் செலவை நான் தருகிறேன்.

கூட்டத்தின் குறிப்பெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். இந்தியாவில் அது எந்த நேரமாக இருந்தாலும் சரி.

வட்ட மேஜையில் கட்டுரை வாசித்த அந்த மாணவி அடுத்த மாநாட்டுக்கான கட்டுரைச் சுருக்கத்தை எழுதி முடித்துவிட்டார். சங்கத்தில் யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் எனக்கு அனுப்பியிருக்கிறார். யாருக்கு அனுப்பச் சொல்லட்டும்?

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் சங்க உறுப்பினன்,
சென்னை