வேலை அனுமதி கார்டு கையில் வந்த பிறகு ரிசைன் பண்ணு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணச் செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உனக்காக ப்ரியா போடும் ஐ-130 மனு, கிரீன் கார்டுக்கு நீ போடும் ஐ-485 விண்ணப்பம் இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டதும் நல்லதுதான். வேலையை விட்டால் கிரீன் கார்டு போய்விடுமா என்று கேட்டிருக்கிறாய்.

போகாதுடா. உன் விண்ணப்பத்துக்கு ஆதாரம் அமெரிக்க சிட்டிசனான ப்ரியாவோடு நடந்த கல்யாணம். கம்பெனிக்கு அதில் வேலையில்லை. 180 நாள் பொறுத்துத்தான் மாறணும் என்று ஆபீஸில் சொல்வது கம்பெனி வழியாகப் போடுகிறவர்களுக்கான விதி. அதை மறந்துவிடு.

நீ யோசிக்க வேண்டியது கம்பெனி மூலம் உனக்குக் கிடைத்த எச்-1பி வேலை விசாவைப் பற்றி. வேலையை விட்டதும் அந்த அனுமதியில் வேலை செய்யும் உரிமை முடிந்துவிடும். 60 நாள் சலுகைக் காலம் தாண்டினாலும், ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை அமெரிக்காவில் தங்கலாம். ஆனால் சம்பாதிக்க இஏடி என்கிற வேலை அனுமதி கார்டு வேண்டும், விண்ணப்பித்த ரசீது போதாது. தெரிந்தவருக்கு வார இறுதியில் காசு வாங்கிக்கொண்டு கோடிங் பண்ணிக் கொடுப்பதும் வேலைதான். சிட்டிசனின் கணவன் என்பதால் அந்தத் தப்புக்குச் சட்டத்தில் உனக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரரை மணந்தவருக்கு அதுவும் கிடையாது. விலக்கு இருக்கிறதே என்று நீ இறங்கிவிடாதே.

இஏடி கார்டு வந்ததும் காலாவதித் தேதியைக் குறித்து வை. முன்பு புதுப்பிக்கப் போட்டாலே 540 நாள் தானாக நீளும். 2025 அக்டோபர் 30 முதல் போடுகிற விண்ணப்பங்களுக்கு அது இல்லை. 180 நாள் முன்பே போடலாம், முதல் நாளே போட்டுவிடு. தாமதமானால் புது கார்டு வரும்வரை வேலையை நிறுத்த வேண்டியதுதான்.

இன்னொன்று. ஐ-485 நிராகரிக்கப்பட்டால், எச்-1பி உயிரோடு இருக்கிறவனுக்கு நிற்க ஓர் இடம் உண்டு. வேலையை விட்டவனுக்கு நிராகரித்த மறுநாளிலிருந்தே சட்டவிரோதத் தங்கல் கணக்கு ஓட ஆரம்பிக்கும். உன் கேஸில் பழைய விசா சிக்கலோ போலீஸ் வழக்கோ இருந்தால் வேலையை விடவே விடாதே. வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவெடு.

தீபாவளிக்கு மதுரை போகணும் என்றாயே. அதே கம்பெனியில், செல்லுபடியாகும் எச்-1பி விசாவோடு இருந்தால் போய் வரலாம். வேலையை விட்ட பிறகு அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி) கையில் இல்லாமல் விமானம் ஏறினால், ஐ-485ஐக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு உண்மையில் கவலை ஐ-864 பற்றித்தான், அதாவது உன்னைத் தாங்குவதாக ப்ரியா வருமானம் காட்டிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம். ப்ரியாவுக்குப் பகுதிநேர வேலை என்று எழுதியிருக்கிறாய். 2025 அட்டவணைப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 26,437 டாலர் காட்ட வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் இருக்கும் உன் சம்பளத்தையும் சேர்க்கலாம், ஆனால் கிரீன் கார்டு வந்த பிறகும் அதே இடத்திலிருந்து அது தொடர வேண்டும். ஃபார்மில் அதைக் காட்டியிருந்தால், நீ ரிசைன் பண்ணிய அன்றே கணக்கு இடிக்கும். குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு சொத்து காட்டலாம். அவள் வருமானம் 20,000 என்று வை. அந்த அட்டவணைப்படி 6,437 குறைகிறது, 19,311 டாலர் சேமிப்பு போதும். உன் பேரில் இருக்கும் பணமும் இதில் சேரும். அதுவும் இல்லையென்றால் வருமானமுள்ள சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ ஒருவர் கூட்டு ஸ்பான்சராகத் தனி ஐ-864 தர வேண்டும். இன்டர்வியூவில் வேலை விவரம் கேட்பார்கள். விட்டதை மறைக்காமல் சொல்லிவிடு.

ரிசைன் பண்ணுவதற்கு முன் ஐ-797 (எச்-1பி ஒப்புதல் நோட்டீஸ்) நகல், டபிள்யூ-2 (வருடச் சம்பள, வரிச் சான்று), கடைசி பே ஸ்டப் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள். கடைசி நாளோடு லாகின் போய்விடும். ப்ரியாவின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உன்னைச் சேர்க்க முடியாவிட்டால் கோப்ரா (பழைய கம்பெனிக் காப்பீட்டையே தொடரும் வழி) எடுக்க 60 நாள் அவகாசம் உண்டு. பிரீமியம் முழுவதும் உன் தலையில்தான், முதலிலேயே விலை கேட்டுவிடு.

ப்ரியாவின் போன வருட வரி ரிட்டர்னில் மொத்த வருமானம் எவ்வளவு, ஐ-864இல் உன் சம்பளம் ஏறியிருக்கிறதா என்று மட்டும் எழுது. அது தெரியும்வரை நோட்டீஸ் கொடுக்காதே.

அன்புடன்,
முரளி