பல் செட் கட்டுவதில் அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்லெல்லாம் போய்ப் பல வருஷமான ஒருவருக்கு முழுப் பல் செட் கட்டுவது சின்ன வேலை இல்லை. இது தெரியாமல் எங்கள் திருகோணமலைப் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் காசையும் விட்டு, வயதானவர்களின் மனதையும் நோகடிக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலேயே பல் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ரொம்ப காலம் கழித்து, சீக்கிரம் கட்டித் தருகிறோம் என்ற ஓர் இடத்தில் ஒரே ஒரு அளவு எடுத்துச் செட்டைக் கையில் கொடுத்தார்கள். மேல் செட் எப்படியோ நின்றது. கீழ் செட் வாய் திறந்தாலே எழும்பி வந்தது, ஈறெல்லாம் புண். அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டு, புட்டைச் சொதியில் ஊறவைத்து விழுங்கப் பழகிவிட்டா. "வயசானா அப்படித்தான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய கோபம்.

வயதில் ஒன்றும் இல்லை, தாடையில்தான் விஷயம் இருக்கிறது. பல் போன பிறகு அதைத் தாங்கிய எலும்பு கரைந்துகொண்டே போகும், அதிலும் கீழ்த் தாடை மேல் தாடையைவிடச் சுமார் 4 மடங்கு கூடுதலாகக் கரைகிறது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் இருக்கிறது, நடுவில் உமிழ்நீர் படிந்து ஒட்டிப் பிடிக்கும். கீழே இருப்பது ஒரு ஒடுங்கிய வரம்பு மட்டும், நாக்கும் கன்னமும் இரண்டு பக்கமும் தள்ளும். அதோடு பல்லில்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடிக்கிற பழக்கமும் வந்துவிடும்.

பிறகு போன பல் டொக்டர் முதல் அளவை வைத்து அம்மாவின் வாய்க்கென்றே தனி அச்சுத்தட்டு, அதாவது வாயின் அச்சு எடுக்கும் தட்டு, செய்வித்தார். அதன் விளிம்பில் பச்சை மெழுகுக் குச்சியை நெருப்பில் உருக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நாக்கை நீட்டுங்கள், கன்னத்தை உள்ளே இழுங்கள், விழுங்குங்கள் என்று சொல்லிச் சொல்லி ஓரத்தின் அச்சை எடுத்தார். மேல் தாடையும் கீழ்த் தாடையும் எப்படிச் சேருகிறது என்று கடி அளவு எடுக்கும்போது அம்மா முன்னுக்குத் தள்ளியே கடித்தா, நாக்கு நுனியை மேலே பின்னுக்கு மடித்து வைத்து மெல்ல வாயை மூடச் சொன்ன பிறகுதான் தாடை தன் இடத்துக்குப் போனது. அப்புறம் மெழுகில் பல் அடுக்கிப் போட்டுப் பார்த்து, பேச வைத்து, அம்மாவுக்கே கண்ணாடியைக் காட்டிச் சம்மதம் கேட்டார். இதில் எந்தப் படியையும் விட்டால் பிழை கடைசியில் வாயில்தான் தெரியும்.

செட் வந்த பிறகும் வேலை முடியாது. முதல் கிழமைகளில் வாய் நிறைய உமிழ்நீர் ஊறும், பேச்சுக் குழறும். மென்மையான சாப்பாட்டைச் சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும். ஈறு நொந்தால் நீங்களே செட்டைப் பிளேட்டால் சுரண்டாதீர்கள். டொக்டரிடம் போவதற்கு முதல் நாள் செட்டைப் போட்டிருந்தால் எங்கே அழுத்துகிறதென்று அவருக்குத் தெரியும், அழுத்தும் இடத்தை அவர் ராவித் தருவார். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள், கொதிநீர் வேண்டாம், வளைந்துவிடும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு ஒரு புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாமல் நின்றால் அது செட்டால்தான் என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள், இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னிலையில் இருக்கிறது.

பல் வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும் முதியவர்களுக்கு, எத்தனை தடவை வரவேண்டும், ஒவ்வொரு தடவையும் என்ன நடக்கும் என்பதை முதல் நாளிலேயே தமிழில் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். கூட்டி வரும் பிள்ளைகள் லீவு போட அது போதும், பாதியில் விட்டுவிட்டு அவசரக்காரர்களிடம் போகிறவர்களும் குறைவார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.