100 வாட் என்று விற்கப்பட்ட நீர்ச்சக்கரம்: புகார்

அனுப்புநர்: கருவியை வாங்கிய பட்டறைக் குழுவினர், அம்பத்தூர், சென்னை.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: வீட்டில் பூட்டிக்கொள்ளும் நீர்ச்சக்கரத் தொகுப்பு மின்சாரம் தராதது, தவறான விளம்பரம் ஆகியவை குறித்து.

ஐயா,

வணக்கம். தங்களிடம் ₹14,800 கொடுத்து வாங்கிய தொகுப்பை, கொல்லிமலை ஓடைக்கரை வீடு ஒன்றுக்கு அனுப்புமுன் எங்கள் பட்டறையிலேயே பூட்டி, சம்புத் தண்ணீரை மோட்டாரால் மேலேற்றிச் சோதித்தோம். 20 லிட்டர் வாளி 4 நொடியில் நிரம்பியது. அதாவது நொடிக்கு 5 லிட்டர். தண்ணீர் விழும் உயரம் 1 மீட்டர். இரண்டும் தங்கள் கையேட்டில் உள்ள அளவுகளே.

இந்த அளவுக்கு 100 வாட் கிடைக்கும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நொடிக்கு விழும் தண்ணீர் 5 கிலோ, புவியீர்ப்பு 9.81, உயரம் 1 மீட்டர்: 5 × 9.81 × 1 = 49. தண்ணீரில் இருப்பதே 49 வாட்தான், அதில் 100 எப்படி வரும்? 20 செ.மீ. ஆரமுள்ள புல்லியில் கயிறு சுற்றித் தராசு மாட்டிப் பார்த்தோம். நிமிடத்துக்கு 24 சுற்றில் நிகர இழுவை 6 கிலோ; அதாவது சக்கரத்தின் அச்சில் (ஷாஃப்டில்) கிடைப்பது 30 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 90 செ.மீ. சக்கரத்துக்கு இது நல்ல அளவுதான், சக்கரத்தின் வடிவத்தில் எங்களுக்குக் குறையில்லை.

கோளாறு அதற்குப் பிறகுதான். சக்கரத்தின் 40 செ.மீ. விட்டப் புல்லியிலிருந்து டைனமோவின் 10 செ.மீ. விட்டப் புல்லிக்கு ஒரே பெல்ட். 24 சுற்று நான்கு மடங்கானால் 96. தாங்கள் டைனமோ என்று கொடுத்திருப்பதோ 12 வோல்ட், 1500 சுற்று டிசி மோட்டார். அது 96 சுற்றில் முக்கால் வோல்ட் தரும். மல்டிமீட்டரில் வந்ததும் 0.7. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஏற 14 வோல்ட் வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இல்லாதது. பேட்டரியை இணைத்ததும் சக்கரம் வேகமெடுத்தது. வாய்க்காலை அடைத்தோம், சக்கரத்தின் வாளிகள் காலியாகின, அப்போதும் நிற்கவில்லை. பேட்டரிதான் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தது! விவரம் தெரியாதவர் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி ஏறுகிறது என்றே நம்புவார். இரவில் விளக்கு எரியாதபோதுதான் தெரியும். சுற்றும் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கிடையே குழந்தை கைவிட்டால் என்ன ஆகும்? ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் 10 ஆம்பியர் ஷாட்கி டயோடை ஏன் விட்டீர்கள்? டயோடு போட்டால் இந்த ஆபத்து மட்டும் நீங்கும், பேட்டரி ஏறாது. அதற்குச் சுற்று விகிதம் மாற வேண்டும்.

வாளிப் பலகைகள் சாதாரண பிளைவுட். மூன்றாம் நாளே ஓரம் விரிந்து அடுக்கடுக்காகப் பிரிந்தன. ஊறிய பக்கம் கனத்து, சக்கரம் ஒரு பக்கமாகவே இழுத்து நிற்கிறது. தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 தர மரைன் பிளைவுட்டும் துருப்பிடிக்காத திருகும் போட வேண்டிய இடம் இது. திறந்த 6204 பேரிங்கிலும் துரு ஏறிவிட்டது, ரப்பர் சீல் உள்ளதே தேவை. ஸ்டாண்டும் உயரக் குறைவு. சக்கரத்தின் அடி வெளியேறும் தண்ணீரில் உரசுகிறது. குறைந்தது 5 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். நிமிடத்துக்கு 350 சுற்றிலேயே 14 வோல்ட் தரும் நிலைக்காந்த ஜெனரேட்டர், 1:5, 1:3 என இரண்டு கட்ட பெல்ட், டயோடு, மேற்சொன்ன பலகையும் பேரிங்கும் தாங்கள் மாற்றித் தர வேண்டும். இல்லையேல் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். கையேட்டிலும் விளம்பரத்திலும் 100 வாட் என்பதை நீக்குங்கள். சரியாகப் பூட்டினால் சுமார் 18 வாட் கிடைக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 400 வாட்-மணிக்கு மேல். நான்கு 9 வாட் டிசி பல்புகள் தினமும் எட்டு மணி நேரம் எரியும். மின்கம்பி எட்டாத மலை வீட்டுக்கு அது பெரிய விஷயம். 18 என்று சொல்லியிருந்தாலே வாங்கியிருப்போம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்திலும் முறையிடுவோம். ரசீது நகல், அளவீட்டுத் தாள், பிரிந்த பலகையின் படங்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்